பந்தயக் காரில் நான் கட்டிய கறுப்புக் கயிறு

எனக்கு வயது எண்பத்திரண்டு. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கியவள். மூன்று நான் பெற்றது, இரண்டு என் அக்கா விட்டுப்போனது. ஐந்தில் ஒன்றுகூட இன்னொருத்தர் வாசலில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். படிப்பு எனக்கு இரண்டாம் வகுப்போடு சரி. பஸ்ஸில் எழுதியிருக்கிற ஊர்ப்பேரை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

இது நடந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். அப்போது நாங்கள் மயிலாப்பூரில் முண்டகக்கண்ணி அம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அடையாறு காந்தி நகரில் ஒரு ரஷ்யாக்காரர் வீட்டில் எனக்குச் சமையல் வேலை. அவர் ஏதோ பெரிய எந்திரம் மாட்டுகிற வேலையாக வந்திருந்த என்ஜினீயர். அவர், அவர் சம்சாரம், ஒரே பையன். அந்த அம்மாவுக்குத் தமிழ் வராது, எனக்கு அவர்கள் பாஷை வராது. கையைக் காட்டி, முகத்தைப் பார்த்தே மூன்று வருஷம் குடும்பம் நடத்தினோம்.

பையன் அப்படி இல்லை. வந்தபோது பதினாறு வயசு. சோளக்கதிர் மாதிரி தலைமுடி, வெயில் பட்டால் மூக்கெல்லாம் சிவந்துபோகும். ரசத்தை டம்ளரில் வாங்கி நின்றபடியே குடிப்பான். ஆறே மாதத்தில் தமிழ் பேச ஆரம்பித்துவிட்டான். ஆனால் அவன் கற்றுக்கொண்டது ராயப்பேட்டையில் ஒரு மெக்கானிக் ஷெட்டில். ஒருநாள் அவன் அப்பாவைப் பார்க்க வந்த பெரிய அதிகாரி ஒருவர், வெள்ளைக்காரப் பிள்ளை தமிழ் பேசுமாமே என்று ஆசையாக அவன் தோளில் கை வைத்தார். இவன் சிரித்துக்கொண்டே, “இன்னா நைனா, சோக்கா கீறியா?” என்றான். நான் சமையல்கட்டுக்குள் ஓடிப்போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

அவனுக்குக் கார் என்றால் உயிர். அவன் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கென்றே குட்டிக் குட்டிப் பந்தய வண்டி உண்டாம், பலகையில் சக்கரம் வைத்த மாதிரி. எட்டு வயசிலிருந்து அதை ஓட்டினவன். இங்கே வந்ததும் அவன் மோப்பம் பிடித்துப் போய்ச் சேர்ந்த இடம்தான் அந்த ஷெட். அங்கே ஒரு பாய் இருந்தார். வெளி வண்டிகளை ரிப்பேர் செய்வதோடு, ஆழ்வார்பேட்டையில் இருந்த ஒரு பணக்காரருடைய பந்தயக் கார்களையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். பையன் பள்ளிக்கூடம் விட்டால் ஷெட். சக்கரம் கழற்றுவான், துணியால் துடைப்பான், பாய்க்கு டீ வாங்கிவருவான். பாயை அவன் நைனா என்றுதான் கூப்பிடுவான். பாய்க்கு அதில் ஒரே பெருமை.

பந்தயம் நடப்பது சோழவரத்தில். சண்டைக் காலத்தில் ஏரோப்ளேன் இறங்கின பழைய மைதானம் அது. முதல் வருஷம் புதுசாக ஓட்டுகிறவர்களுக்கான பந்தயத்தில் பையனை விட்டார்கள். கடைசியில் வந்தான். அழவில்லை, கோபப்படவும் இல்லை. மறுநாள் காலை சமையல்கட்டில் உட்கார்ந்து, தோசைக்கல்லில் சாக்கட்டியால் மைதானத்தை வரைந்து, எந்த வளைவில் எப்படித் தப்பு செய்தான் என்று எனக்கு விளக்கினான். எனக்கு ஒன்றும் புரியவில்லை, கல்லைத் தேய்த்துக் கழுவ நேரம் ஆனதுதான் மிச்சம். அடுத்த வருஷம் நாலாவதாக வந்தான், அதே வருஷம் இன்னொன்றில் இரண்டாவது. மூன்றாம் வருஷம் சின்னப் பந்தயங்களில் இரண்டில் அவன்தான் முதல். அப்போதுதான் அந்த ஆழ்வார்பேட்டைக்காரர் தன் நல்ல வண்டியை அவனுக்குக் கொடுப்பதாகச் சொன்னார்.

அந்த வருஷப் பந்தயம் முடிந்ததும் அவர்கள் குடும்பம் ஊருக்குத் திரும்ப வேண்டும். அங்கே வாலிபப் பிள்ளைகளுக்கான பெரிய பந்தயத்தில் சேர, இங்கே சோழவரத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்கிற பந்தயத்தில் முதல் மூன்று பேருக்குள் வந்ததற்கான காகிதம் வேண்டும் என்று அவன் சொல்லியிருந்தான். சனிக்கிழமை ஒரு முன்பந்தயம், ஞாயிற்றுக்கிழமை பெரிய பந்தயம். அவனுக்கு அதைவிட்டால் இந்த ஊரில் வேறு சந்தர்ப்பம் கிடையாது.

அதற்கு முந்தின வாரம், ஓட்டிப் பழகும்போது வேறொரு பையன் வண்டி உருண்டு காலை முறித்துக்கொண்டான். அதைக் கேட்டதிலிருந்து அந்த அம்மா சாப்பிடவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு மனசு தாங்கவில்லை. அம்மன் கோயிலில் கறுப்புக் கயிறு மந்திரித்து வாங்கி, அதில் ஒரு எலுமிச்சம்பழமும் ஏழு பச்சைமிளகாயும் கோர்த்து முடிந்து வைத்துக்கொண்டேன். நம் ஊரில் சைக்கிள் வாங்கினால்கூட இதைக் கட்டாமல் இருப்போமா? இவ்வளவு கண் படுகிற பிள்ளைக்கு ஒன்றும் இல்லையே என்று எனக்கு.

உண்மையைச் சொன்னால் இன்னொன்றும் இருந்தது. அவன் ஜெயித்தால் என் கயிறுதான் காரணம் என்று சந்தில் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள ஆசை.

சனிக்கிழமை சாப்பாட்டுக் கூடையோடு என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பந்தயத்துக்கு முன்னால் என் கை தயிர்சாதம் இல்லாவிட்டால் அவனுக்கு ஆகாது. பாய் வண்டியைக் கடைசியாக ஒருமுறை பார்த்து மூடிவிட்டு, மத்தியான லுஹர் தொழுகைக்குக் கிளம்பினார். போகும்போது, “தங்கச்சி, யாரும் தொடாம வண்டியைப் பாத்துக்கினு இரு. தோ வந்துடறேன்” என்றார்.

யாரும் தொடவில்லை. நான்தான் தொட்டேன்.

முன்பக்கத்து மூடியில் ஒரு தோல்வார். பாய் அவிழ்ப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவிழ்த்தேன். வெளியே கட்டினால் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள் என்று உள்ளே இடம் தேடினேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கம்பி. பழம் தொங்கி ஆடக்கூடாதே என்று இரண்டையும் சேர்த்துக் கட்டி, மூன்று முடிச்சு போட்டு, மூடிவிட்டேன். அதில் ஒன்று அவன் காலால் மிதிக்கிற ஆக்சிலேட்டர் கம்பி என்பது எனக்கு எப்படித் தெரியும்? அது முன்னும் பின்னும் போய்வர வேண்டிய கம்பி. நான் அதை நகராத கம்பியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன்.

கயிறு வழுக்கிக் கொடுத்தவரை, இரண்டு சுற்று நன்றாகத்தான் போனான். இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தான். மூன்றாவது சுற்றில் வளைவு வரும் இடத்தில் எல்லா வண்டியின் சத்தமும் குறைந்தது, அவன் வண்டி மட்டும் குறையவில்லை. அதே கத்தலோடு நேராக வந்து வைக்கோல் கட்டுகளை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் நின்றது. அவன் அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

எல்லோரும் ஓடினோம். நாங்கள் போய்ச் சேருவதற்குள் அவனே இறங்கிவிட்டான். உதடு கிழிந்து ரத்தம். வேறு ஒன்றும் இல்லை. எங்களைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் அந்த மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டான். என்னமோ பிடுங்கினான். மூடினான். பாய் மூச்சு வாங்க வந்து குனிந்து பார்த்தபோது கம்பி சரியாகப் போய்வந்தது.

வண்டியின் சொந்தக்காரர் என்ன ஆச்சு என்று கேட்டார். பையன் இங்கிலீஷில் ஒருமுறை சொன்னான். பிறகு பாயைப் பார்த்துத் தமிழில் சொன்னான்.

“என் தப்பு நைனா. கால மாத்தி வெச்சிட்டேன்.”

சொன்னபோது அவன் வலது கை மூடியே இருந்தது. விரல் இடுக்கில் ஒரு பச்சைமிளகாய்க் காம்பு வெளியே தெரிந்தது. நான் அதைப் பார்த்ததை அவனும் பார்த்தான். உடனே கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

சொந்தக்காரர் ரொம்பப் பேசவில்லை. கால் எங்கே வைப்பது என்று தெரியாதவனை நம்பி நாளைக்கு வண்டி தர முடியாது, வேறு ஆளைப் போடப்போகிறேன் என்றார். பையன் தலையை மட்டும் ஆட்டினான்.

நான் அங்கேயேதான் நின்றேன். இரண்டு அடி தூரம். வாயைத் திறந்திருந்தால் அந்த நிமிஷமே விஷயம் முடிந்திருக்கும். திறக்கவில்லை. இத்தனை பேர் நடுவில், இந்தச் சமையல்காரிதான் வண்டியைக் கெடுத்தாள் என்று பேர் வரும், நாளைக்கு யார் வீட்டில் என்னைச் சேர்ப்பார்கள் என்று ஓடியது புத்தி. வேனில் திரும்பி வந்தோம். அவன் அம்மா என் மேலேயே சாய்ந்து அழுதுகொண்டு வந்தார். அப்போதும் சொல்லவில்லை.

அவர்கள் வீட்டுக்கு வந்து உலை வைத்தேன், சோறு குழைந்துபோனது. என் பிள்ளைகளில் பெரியவன் ஒருநாள் பள்ளிக்கூடத்தில் கண்ணாடியை உடைத்துவிட்டு ஒளித்தான் என்று நான் முதுகில் வைத்த அடி ஞாபகம் வந்தது. இந்த ரஷ்யாக்காரப் பையன் என் எதிரே உட்கார்ந்து அந்தக் குழைந்த சோற்றைப் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் லஸ் வழியாக ராயப்பேட்டைக்கு நடந்தேன். ஷெட்டில் பாய் வண்டிக்கடியில் படுத்திருந்தார். இடித்த முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்தியாகிவிட்டது, ஆனால் மனுஷன் எழுந்திருக்கவில்லை. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மெதுவாக வெளியே வந்து உட்கார்ந்தார். கண் ரெண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது.

“பையன் பொய் சொல்றான்னு நேத்தே தெரியும்மா. அவன் கால் தப்பாது. என் கைதான் இன்னாவோ பண்ணிக்கீது, என்னைக் காப்பாத்தறான்னு நெனச்சிக்கினு, ஒவ்வொரு போல்ட்டா கயட்டிக் கயட்டிப் பாத்துக்கினு கீறேன்.”

பையனுக்கு மட்டும்தான் கெடுதல் செய்தேன் என்று நினைத்துக்கொண்டு போனவள் நான். இந்த மனுஷன் இருபது வருஷத்துத் தொழிலையே சந்தேகப்பட்டுக்கொண்டு ஒரு ராத்திரி கிடந்திருக்கிறார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, “வா, வேன்ல ஏறு. இத்தை அவர்கிட்ட நீயே சொல்லணும். நான் சொன்னா நல்லா இருக்காது” என்றார்.

சோழவரத்தில் பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள். சொந்தக்காரர் எதிரே போய் நின்று, நான்தான் கட்டினேன் ஐயா என்றேன். எங்கே, எப்படி, எத்தனை முடிச்சு என்று எல்லாம் சொன்னேன். பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். இன்னொருத்தர், மிளகாய் போட்டீங்களே, உப்பு போட மறந்துட்டீங்களா என்றார். எனக்குக் காது எரிந்தது. என் கல்யாணத்துக்கு அப்புறம் அத்தனை ஆம்பிளைகள் முன்னால் நான் நின்றது அன்றைக்குத்தான்.

சொந்தக்காரர் சிரிக்கவில்லை. “நேத்திக்கே ஏன் சொல்லலை?” என்று கேட்டார்.

“மானம் போயிடும்னு இருந்துட்டேங்க” என்றேன்.

அவர் பையனைப் பார்த்தார். பையன் தயங்கித் தயங்கிச் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தான். எண்ணெய் ஏறின கயிறு, நசுங்கின பழம். அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு அவனிடமே கொடுத்தார். பிறகு பாயிடம், இனிமேல் அந்த மூடிக்கு ஒரு பூட்டு போடுங்கள் என்றார். வண்டியைக் கொடுத்தார்.

ஆனால் சனிக்கிழமை பாதியில் நின்றவன் என்பதால் அவனுக்குக் கடைசி வரிசை. அவனுக்கு முன்னால் பதினொரு வண்டி. அதுவும் என்னால்தான்.

ஏறுவதற்கு முன்னால் என்னிடம் வந்தான். பழத்தையும் மிளகாயையும் உருவிப் போட்டுவிட்டு, வெறும் கயிற்றை நீட்டினான். “அக்கா, வண்டிக்கு வாணாம். எனக்குக் கட்டு. நான் அந்தக் கம்பி மாதிரி மாட்டிக்க மாட்டேன்” என்று கையைக் காட்டினான். கட்டினேன். இந்தத் தடவை ஒரே முடிச்சுதான் போட்டேன். நேற்றே என்மேல் கோபம் வரலையா என்று கேட்டேன். ரொம்ப வந்தது என்றான். அப்புறம் என்னமோ தேடுகிற மாதிரி நிறுத்தி, “ஆனா நீ அழுவியே” என்றான்.

அந்தப் பந்தயத்தை நான் பாதிதான் பார்த்தேன். மீதி நேரம் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சுற்றும் அவன் எங்களைத் தாண்டிப் போகும்போது பாய் மட்டும் எத்தனையாவது என்று எண்ணிச் சொன்னார். ஒன்பது. ஏழு. ஆறு. அப்புறம் ரொம்ப நேரம் ஆறிலேயே நின்றது. ஐந்து என்றபோது குரல் மாறிப்போனது. கடைசிச் சுற்றில் அவர் எண்ணவே இல்லை, என் தோளைப் பிடித்து உலுக்கினார். பையன் மூன்றாவதாக வந்திருந்தான். நல்ல இடத்திலிருந்து கிளம்பியிருந்தால் முதலில் வந்திருப்பான் என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள். அவன் மட்டும் சொல்லவில்லை.

இரண்டு மாதத்தில் அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். நாலைந்து வருஷம் கழித்து, அங்கிருந்து வந்த ஒருத்தர் மூலம் அந்த அம்மா ஒரு போட்டோ கொடுத்தனுப்பினார். நீள மூக்கு வைத்த பெரிய வண்டி, பக்கத்தில் தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன். சின்னப் பிள்ளைகள் பந்தயத்தையெல்லாம் தாண்டி, பெரியவர்களோடு ஓட்டுகிறான் என்று வந்தவர் சொன்னார். அதற்கப்புறம் சேதி இல்லை. இப்போது அவனுக்கும் எழுபது வயசு இருக்கும்.

நான் பெருமைக்காரி என்று என் பிள்ளைகள் சொல்வார்கள். உண்மைதான், இருந்துவிட்டுப் போகிறேன். ஆனால் அன்றைக்கு அப்புறம் நான் செய்த தப்பை இன்னொருத்தர் தலையில் ஒரு ராத்திரிகூட இருக்க விட்டதில்லை; பத்தொன்பது வயசுப் பிள்ளை என் மானத்தைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நின்றானே, அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு மாதிரி இருக்க முடியவில்லை.

சரி கண்ணு, எழுதினதை முதலிலிருந்து ஒருதரம் படித்துக் காட்டு. நான் பேசாமல் நின்ற இடத்தை, பாட்டிக்குக் கேவலம் என்று நீ விட்டிருந்தால், அதையும் சேர்த்து எழுது.