தங்கையின் இடது கன்னம்

என் தங்கை பத்தாம் வகுப்பு முடித்த கோடையில் அவள் முகத்தில் பருக்கள் வரத் தொடங்கின. முதலில் நெற்றியில் நாலைந்து. "வயசுப் புள்ளைக்கு வர்றதுதான். தானா அமுங்கிடும்" என்றாள் அம்மா. எனக்கும் அந்த வயதில் வந்து போயிருந்ததால் நானும் அப்படியே நம்பினேன்.

பிளஸ் ஒன் பாதியில் அவை வேறு மாதிரி ஆகிவிட்டன. முனை தெரியாமல், தோலுக்கு அடியிலேயே திரண்ட கட்டிகள். இடது கன்னத்திலும் தாடையோரத்திலும் இலந்தைக் கொட்டை அளவுக்கு இருந்தன. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. காலையில் தலையணை உறையில் மஞ்சளாகக் கறை இருக்கும்.

முதல் ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து வரும் அப்பா, "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போயேன்" என்பார். "பருவுக்கெல்லாமா ஆஸ்பத்திரி? குவார்ட்டர்ஸ் பிளாக்கே சிரிக்கும்" என்பாள் அம்மா. பேச்சு அதோடு முடிந்துவிடும்.

கல்லூரித் தோழி சொன்னாள் என்று நான்தான் மந்தாரக்குப்பம் மருந்துக்கடையில் ஒரு கிரீம் வாங்கி வந்தேன். பத்தே நாளில் கட்டிகள் வற்றி முகம் பளிச்சென்று ஆனது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அவள் பாட்டு முணுமுணுப்பதைக் கேட்டு எனக்கு அவ்வளவு பெருமை. இரண்டு மாதம் போயிருக்கும். பூசப் பூசவே முன்னைவிட மோசமாகக் கிளம்பியது.

பிளஸ் டூ குரூப் போட்டோவுக்கு முதல் நாள் மாலை என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இத மட்டும் எப்படியாவது எடுத்துடுக்கா. நாளைக்கு போட்டோ."

இடது கன்னத்தின் நடுவில் சிவந்து வீங்கிய கட்டி. ஊசியைத் தீயில் காட்டிக் குத்தினேன். இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினேன்.

"வலிக்குதுக்கா."

"கொஞ்சம் பொறுத்துக்கோ, வந்துடும்."

ரத்தமும் கொஞ்சம் சீழும் வந்தன. மீதி உள்ளேயே உடைந்துவிட்டது எனக்குத் தெரியாது. விடிந்தபோது கண்ணுக்குக் கீழ்வரை வீங்கியிருந்தது. காய்ச்சல் வேறு. அவள் போட்டோவுக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் கடலூரில் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். அவர் திட்டவில்லை. "இந்த மாதிரி கட்டி ஆழத்துல இருக்கும்மா. அழுத்துனா வெளிய வராது, உள்ளுக்குள்ள பரவும். சுத்தி இருக்கற சதைய அரிச்சிடும். ஆறும்போது அந்த எடம் பள்ளமா நின்னுடும். அந்த கிரீமும் சேர்ந்து கெடுத்திருக்கு. முன்னாடியே வந்திருந்தா இவ்வளவு தழும்பு ஆகியிருக்காது" என்றார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாத்திரை சாப்பிட்ட மாதங்களில் அவள் உதடு காய்ந்து வெடித்தது. கட்டிகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. பள்ளங்கள் போகவில்லை. பஸ்ஸில் இடது பக்க ஜன்னலோரம் கிடைத்தால்தான் உட்காருவாள். இல்லையென்றால் நின்றுகொண்டே வருவாள்.

வேலைக்குப் போன பிறகு ஒருமுறை லீவில் வந்திருந்தாள். இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தோம். "அன்னிக்கு நான் கை வெச்சிருக்கக் கூடாதுடி" என்றேன்.

"நான்தானக்கா எடுக்கச் சொன்னேன். விடு."

எழுந்து சாப்பிடப் போய்விட்டாள். நான் பாதி மடித்த துணியோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.