தோசைக்கல்லுக்கு வயது பார்க்க சிங்கப்பூர் போனது

பெர்த்திலிருந்து சிங்கப்பூருக்கு ஐந்து மணி நேரம். சென்ற மார்ச்சில் நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, பெட்டிக்குள் மூன்று கிலோ இரும்போடு போனேன். அது அம்மாவின் தோசைக்கல். அம்மா 1974இல் இறந்தபோது எனக்கு மூன்று வயது. முகம் நினைவில்லை. இருக்கும் ஒரே படத்திலும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருப்பார். தொட்டுப் பார்க்க என்னிடம் இருந்தது இந்தக் கல் மட்டும். அது எப்போது வார்க்கப்பட்டது என்று தெரிந்தால், அம்மா எத்தனை வருடம் அதில் சுட்டிருப்பார் என்று தெரிந்துவிடும். ஆசை அவ்வளவுதான்.

பழைய வார்ப்பிரும்புச் சட்டிகளின் வயதை அடியில் இருக்கும் முத்திரையை வைத்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நூருல் அவர்களில் ஒருவர். முப்பத்தைந்து வயது, கட்டடப் பொறியாளர். சட்டி சேகரிப்பது பொழுதுபோக்கு. இணையக் குழு ஒன்றில் பழக்கம். வீடு ஃபேரர் பார்க் ரயில் நிலையத்திலிருந்து ஆறு நிமிட நடை.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குப் போனேன். கல்லைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அங்கிள், எண்ணெய்க் கருப்பு தடிமனா ஏறியிருக்கு லா. கீழ எழுத்து இருக்கு, படிக்க முடியல. ரெண்டு நாள் காஸ்டிக் சோடாவுல ஊறணும்" என்றார். கூலி நாற்பது வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். அந்தக் கருப்பில் அம்மாவின் எண்ணெயும் இருக்குமே என்று ஒரு கணம் தயங்கினேன். பிறகு சரி என்றேன்.

சனிக்கிழமை சும்மா இருக்க முடியவில்லை. அம்மா இருந்தவரை நாங்கள் குடியிருந்த செம்பவாங் போனேன். டோபி காட்டில் ரயில் மாறி, மொத்தம் ஐம்பது நிமிடம். கட்டணம் 2 வெள்ளி 10 காசு. அப்பா அங்கே கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தார். எங்கள் குடியிருப்பு இருந்த இடம் என்று நான் நினைத்த தெருவில் அடுக்குமாடிகளும் குழந்தைகள் சறுக்குமரமும் இருந்தன. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சமையலறை எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்றுகூட ஊகிக்க முடியவில்லை. பார்க்க அங்கே எதுவும் இல்லை. நீங்கள் போக வேண்டாம்.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு நூருல் கல்லை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். சாம்பல் நிறத்தில், வேறு யாருடைய கல்லோ போல இருந்தது. நடுவில் 'வார்ப்பாலை' என்ற எழுத்துகள்.

"ஊர் பேரு தேய்ஞ்சு போச்சு அங்கிள். ஆனா இந்த லை பாருங்க. பழைய புக்ல தலைமேல தும்பிக்கை மாதிரி வளைஞ்சு இருக்கும்ல? இதுல கொம்பு முன்னாடி தனியா இருக்கு. தமிழ்நாட்டுல அப்படி மாத்தினது செவன்ட்டி எய்ட்ல."

"அதுக்கு முன்னாடி யாரும் அப்படி எழுதலையா?"

"சில பத்திரிகைல எழுதினாங்க. சட்டியில நான் பார்த்ததில்ல. அடிச்சுச் சொல்ல மாட்டேன், ஆனா எய்ட்டீஸ்னுதான் தோணுது. ஏன் அங்கிள்?"

"எங்கம்மா எழுபத்தி நாலுலயே போயிட்டாங்க."

அவர் கல்லைச் சூடாக்கி, எண்ணெய் தடவி, இரண்டு செய்தித்தாளில் சுற்றித் தந்தார்.

சரோஜா அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். என்னை வளர்த்தவள் அவள்தான். புக்கிட் மேராவில் இருக்கிறாள். ஊட்ரம் பார்க்கில் இறங்கிப் பேருந்து பிடித்தேன், நாற்பது நிமிடம். கல்லைப் பிரித்துக் காட்டி, நூருல் சொன்னதைச் சொன்னேன். அக்கா அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நான்தான் வாங்கினேன்" என்றாள். "வேலைக்குப் போன முதல் மாசம். சிராங்கூன் ரோட்டுல."

"அம்மாவோடதுன்னு நீதானே சொன்னே?"

"வீடு மாறினப்ப அம்மாவோட சாமான் எல்லாத்தையும் அப்பா குடுத்துட்டாரு. உனக்கு ஒன்பது வயசு, டைஃபாய்டு. ஒரு வாய் உள்ள போகல. அம்மாவோட கல்லுல சுட்டதுடா, ஒண்ணே ஒண்ணு சாப்பிடுன்னு சொன்னேன். மூணு சாப்பிட்ட. அப்புறம் எப்படிடா மாத்திச் சொல்றது?"

கோபம் வந்தது. அது யார்மேல் என்று தெரியவில்லை. கல்லைத் திருப்பி வைத்துவிட்டு, அம்மா சுடும் தோசை எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"அம்மா எங்க தோசை சுட்டாங்க? அவங்களுக்குப் புளிப்பே ஆகாது. புட்டுதான் அவிப்பாங்க."

நாற்பத்தைந்து வருடமாக ஒவ்வொரு தோசையிலும் அம்மாவைத் தேடியிருக்கிறேன். வேறு என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். இதுவரை அதைக் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கல் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். அக்கா இருட்டும்வரை பேசினாள். பாதி அவளுக்கே மறந்துவிட்டது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். இரும்பைக் கைப்பெட்டியில் வைக்காதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் நிறுத்துவார்கள். ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டுவருவதானால் உணவுத் துணுக்கு ஒட்டியிராமல் சுத்தம் செய்யுங்கள். அடியில் அளவு அங்குலத்தில் இருக்கிறதா, சென்டிமீட்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் ஒரு தடயம். பழைய லை மட்டும் கண்டால் நம்பிவிடாதீர்கள். பழைய அச்சை வைத்துப் பல வருடம் வார்த்தவர்களும் உண்டு. முக்கியமாக, முத்திரையைப் பார்க்கும் முன்பு, உயிரோடு இருப்பவர்களைக் கேளுங்கள்.

கல்லை அக்காவிடமே விட்டுவிட்டு வந்தேன். திரும்பும்போது பெட்டி மூன்று கிலோ குறைவாக இருந்தது. "கை எப்பவும் ஈரமா இருக்கும்டா. அந்த ஈரக் கையாலதான் உன் முகத்தைத் துடைப்பாங்க" என்று அக்கா சொல்லியிருந்தாள். விமானத்தில் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கையை நினைத்துப் பார்க்க முயன்றேன். ஈரம் மட்டும் கொஞ்சம் வந்தது.