சிமெண்ட் அறையில் குடித்தனம்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். சின்ன கான்ட்ராக்டர் நல்லகாமன் கட்டடம், கல்யாணம் இரண்டையும் ஒரே வருஷத்தில் பார்த்தான். அதுவும் சிமெண்டுக்கு நாடே பறந்த எழுபத்து நாலில். வைகாசியில் கல்யாணமாகி, அவன் அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தார்கள். ஆடி பிறந்ததும் ஊர் வழக்கப்படி மாமனார் மொக்கையன் வந்து மகள் முத்துத்தாயைச் செக்கானூரணிக்கு அழைத்துப் போனார். ஆவணியில் வில்லாபுரம் சர்க்கார் பள்ளிக்கூடக் கட்டட வேலை முடிந்துவிடும், தனி வீடு பார்த்துக் கூட்டிப்போகிறேன் என்று அவளிடம் சொல்லி அனுப்பினான்.

சிமெண்ட் வாங்க பர்மிட் வந்தது, சிமெண்ட்தான் வரவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! டிப்போவில் தினமும் ஸ்டாக் இல்லை என்றார்கள். கட்டடம் கூரையில்லாமல் வாயைப் பிளந்து நின்றது. ஆனால் ஆபீஸில் கால நீட்டிப்பு கேட்பதில் நல்லகாமன் கெட்டி. கெடு முடிந்தபின் கேட்டால் செல்லாது, வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அதனால் முன்கூட்டியே தட்டுப்பாட்டைச் சொல்லி எழுதி, இன்ஜினீயர் கையில் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடுவான்.

வேலையிடத்தில் சிமெண்டுக்கென்று ஓர் அறை போட்டிருந்தான். தரையிலிருந்து உயர்த்திப் போட்ட பலகை, ஒரு சொட்டு ஒழுகாத கூரை. அதைப் பூட்டி வைத்துவிட்டு, தான் தகரக் கொட்டகையில் ஆட்களோடு படுத்தான். வராத சிமெண்டுக்கு அப்படி ஒரு மரியாதை. முத்துத்தாய் இடித்துக் கொடுத்த பருப்புப்பொடி எப்போதோ தீர்ந்துவிட்டது. டப்பாவைக் கழுவ மட்டும் அவனுக்கு மனசு வரவில்லை. அவள் நினைப்பு அப்படி வாட்டியது.

வெறுங்கையோடு எப்படிப் போய் நிற்பது என்ற கூச்சத்தில், புரட்டாசி பாதி போனபிறகுதான் செக்கானூரணிக்கு பஸ் ஏறினான். சிமெண்ட் இல்லாததையும், அறை பூட்டிக் கிடப்பதையும், கெடுவுக்கு முன்பே எழுதிக் கொடுத்து வேலையைக் காப்பாற்றிய தன் சாமர்த்தியத்தையும் மாமனாரிடம் சொல்லி, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னான். அவர் தலையாட்டினார். கதவோரம் நின்ற முத்துத்தாய் ஆட்டவில்லை.

“எனக்குச் சொன்ன கெடு ஆவணியோட முடிஞ்சு போச்சு. முடிஞ்சபெறகு கேட்டா செல்லாதுன்னு நீங்கதான சொன்னீக?”

சிமெண்ட் வரட்டும், வீடு பிடிக்கிறேன் என்று முனகினான்.

“சிமெண்டுக்கு வீடு இருக்குல்ல, சும்மாதான கெடக்கு. அதுல நான் இருந்துக்கிறேன்” என்றாள்.

மொக்கையன் சிரித்துவிட்டார். ஆனால் சிமெண்ட் வந்துவிட்டால், கட்டடம் முடியும்வரை மகளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும், கொட்டகையில் ஆட்களோடு வைக்கக் கூடாது என்றார்.

பலகை மேல் பாய் விரித்துக் குடித்தனம் தொடங்கியது. வாசலில் மூன்று செங்கல் அடுக்கி அவள் சோறு பொங்கினாள். ஆயுசில் நல்லகாமன் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. டிப்போவில் ஸ்டாக் இல்லை என்றால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, மனசுக்குள் அப்பாடா என்பான்.

ஐப்பசி மழையில் லாரி வந்து நின்றது. மூட்டை நனையுமுன் இறக்கச் சொல்லி டிரைவர் அவசரப்படுத்தினார். முத்துத்தாய் பாயைச் சுருட்டினாள். மாதக்கணக்கில் அந்த லாரிக்கு ஏங்கியவனுக்கு, அதைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்றிருந்தது.

அவளை ஊரில் விட்டுவிட்டுக் கிளம்பும்போது, இந்த மட்டம் எம்புட்டு நாளு என்று கேட்டாள்.

“மாசியில வாரேன்” என்றான்.

தையிலேயே கட்டடம் முடிந்தது. கெடுவுக்கு முன் முடிந்த வேலையை என் சர்வீஸில் பார்த்ததில்லை, என்னய்யா காரணம் என்று இன்ஜினீயர் கேட்டார். எத்தனையோ காரணம் எழுதிக் கொடுத்த நல்லகாமன் இதற்குப் பதில் சொல்ல நிற்கவில்லை. செக்கானூரணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.