பௌர்ணமிக்கு வைத்த எலிப்பொறி

வேங்கிக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் நானும் என் நண்பனும் ஓர் இணையதளம் நடத்தினோம். பௌர்ணமி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, கிரிவலம் முடித்தவர்களுக்கு எந்த ஊர் பஸ் எந்தத் தற்காலிக நிலையத்தில் நிற்கும், கழிப்பறை எங்கே. இவைதான் அதில் இருக்கும். அலைந்து விசாரித்து வருவது அவன், கணினி வேலை முழுக்க நான்.

இரண்டு பேருக்கும் ஒரே ஃபேன். அதை யார் பக்கம் திருப்புவது என்று தினமும் சண்டை. அந்தச் சண்டையில் இருந்த சந்தோஷம் அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த எந்த ஏசி ஆபீஸிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

தளத்தில் வரும் விளம்பரம்தான் எங்களுக்குச் சோறு. ஆனால் பார்க்க வருகிறவர்களில் பலர் விளம்பரத்தையே மறைத்துவிடும் தடுப்பான் போட்டுக்கொண்டு வந்தார்கள். வருமானம் கம்மியாகிக்கொண்டே போனது. அவனுடைய அப்பா பொறுத்துப் பார்த்துவிட்டு, "தீபத்துக்குள்ள இதுல கால் ஊனலன்னா மாமா சொன்ன சென்னை வேலைக்குக் கெளம்பு" என்று சொல்லிவிட்டார். அவன் போய்விடக் கூடாது. அப்போது எனக்கு வேறு கவலையே கிடையாது.

அதனால் ஒரு பொறி வைத்தேன். எலிக்கு மசால்வடை வைப்பதுபோல, 'விளம்பரம்' என்று பெயர் போட்ட வெற்றுக் கோப்பு ஒன்றைப் பக்கத்தோடு அனுப்புவேன். அது இரண்டு விநாடிக்குள் போய்ச் சேராவிட்டால், தடுப்பான் பிடுங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே பக்கம் மூடிக்கொள்ளும். 'தடுப்பானை நிறுத்திவிட்டு வாருங்கள்' என்று எழுத்து வரும்.

அவனுக்கு அது பிடிக்கவில்லை. "அன்னதானத்துல தட்ட நீட்டுறவங்கள, உண்டியல்ல போட்டியானு யாராவது கேப்பாங்களாடா?"

"நீ சென்னைக்குப் போயிட்டா அப்புறம் அன்னதானம் ஏதுடா?" என்று கத்தினேன். அறையிலேயே பல தடவை சோதித்துப் பார்த்தேன். கச்சிதமாக வேலை செய்தது.

அடுத்த பௌர்ணமி காலையிலேயே தொடங்கியது. மத்தியானத்துக்குள் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பொறியில் மாட்டியிருந்தார்கள். "பாத்தியா, எத்தினி பேரு நம்மள ஏமாத்திக்கினு இருந்தாங்கனு!" என்று குதித்தேன்.

அப்போது அவன் போன் அடித்தது. பக்கம் மூடினாலும் அந்த எழுத்துக்குக் கீழே அவன் நம்பர் தெரியும். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல். "தம்பி, கீழ்பென்னாத்தூர் பஸ் எங்க நிக்குதுனு பாக்கலாம்னு தொறந்தா, எதையோ நிறுத்துங்கனு வருதுப்பா. நான் இன்னாத்த நிறுத்துறது? கால் வேற வீங்கிப்போச்சு. சுத்திச் சுத்தி வர்றேன்."

அவன் இடத்தைச் சொல்லி, அடையாளமும் சொன்னான். போனை வைத்துவிட்டு என்னை இழுத்துக்கொண்டு கிரிவலப் பாதைக்குப் போனான். கூட்டத்துக்கு நடுவில் நின்று தன் போனில் எங்கள் தளத்தைத் திறந்தான். அவன் போனில் தடுப்பான் எதுவும் இல்லை. இருந்தும் பக்கம் மூடிக்கொண்டது.

பௌர்ணமிக்கு அத்தனை ஜனமும் ஒரே நேரத்தில் போனைத் தட்டினால் சிக்னல் இழுத்துப் பறித்துக்கொண்டுதான் வரும். இந்த ஊரில் குழந்தைக்கும் அது தெரியும். இங்கேயே பிறந்து வளர்ந்த நான் ஒரு சாதாரண நாளில், ஆளில்லாத அறையில் சோதித்திருக்கிறேன். என் கோப்பு இரண்டு விநாடியில் எப்படிப் போய்ச் சேரும்? போனில் ஒரு தப்பும் இல்லாத ஜனங்களைத்தான் நான் காலையிலிருந்து ஏமாற்றுக்காரர்கள் என்று திட்டியிருக்கிறேன்.

அறைக்குத் திரும்பியதும், "பௌர்ணமிக்கு மட்டும் எடுத்துடலாம்டா. மத்த நாள்ல இருக்கட்டும்" என்றேன்.

"மத்த நாள்ல நம்ம பக்கத்துக்கு யார்ரா வர்றாங்க?"

இரண்டு விநாடியைக் கொஞ்சம் கூட்டி வைத்தாலும் அந்தக் கூட்டத்தில் யாராவது மாட்டத்தான் செய்வார்கள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவனே கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அதுவரை நான் அவனை அதைத் தொட விட்டதே இல்லை.

"எந்த வரினு காட்டு."

காட்டினேன். ஒவ்வொரு வரியாக அழித்தான். அவனை இந்த ஊரில் நிறுத்தி வைப்பதற்கென்று எழுதிய வரிகள் என்று அவனுக்கும் தெரியும். விரல் வைத்துக் காட்டத் தெரிந்த எனக்கு, போகாதேடா என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. தீபம் முடிந்த மறுவாரம் அவனைச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அப்போதும் சொல்லவில்லை.