வெல்ஷ்லான்ட் என்று சொல்லிவிட்டேன்

இந்த நாட்டில் ஒரு கோதுமை மாப்பையில்கூட மூன்று பாஷை எழுதியிருக்கும். லோசானில் நான் சாமான் வாங்கும் கடையில் அவசரத்தில் அடுக்கும்போது சிலவேளை ஜேர்மன் பக்கம் முன்னுக்கு வந்துவிடும். எங்கள் மேல்வீட்டு அம்மா வந்தாரென்றால் ஒவ்வொரு பையாகத் திருப்பிப் பிரெஞ்சுப் பக்கத்தை முன்னுக்கு வைத்துவிட்டுத்தான் தனக்கு ஒன்றை எடுப்பார். அவருக்கு வேறு வேலை இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால், அவரைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள். ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள் சுவிஸ் என்றால் பனியும் சொக்லேட்டும் சமாதானமும் என்று எண்ணியிருப்பீர்கள். சமாதானம் உண்மைதான். ஆனால் அது மாப்பையைத் திருப்பி வைக்கிற சமாதானம்.

லோசானுக்கு வருமுன் பேர்ண் பக்கத்தில் ஓர் அகதி இல்லத்தில் எங்களை வைத்திருந்தார்கள். இல்லத்தைப் பார்த்துக்கொண்ட பெண்மணி நல்ல மனுஷி. என்னை லோசானுக்கு மாற்றிய செய்தி வந்த அன்று அவர்தான் என்னைவிடச் சந்தோஷப்பட்டார். "வெல்ஷ்லான்ட் போகிறாய், அதிர்ஷ்டக்காரி" என்றார். ஜேர்மன் பேசும் பக்கத்தில் பள்ளிக்கூடம் முடித்த பெண்பிள்ளைகளை ஒரு வருடம் பிரெஞ்சு பேசும் பக்கத்துக்கு, அதாவது வெல்ஷ்லான்டுக்கு, அனுப்புவார்களாம். அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கி, பிள்ளை பார்த்து, சமையல் பழகி, பாஷையும் படித்துக்கொண்டு வர வேண்டும். அவரும் அப்படிப் போனவர், அவருடைய மகளும் போனவள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்து, புது ஏப்ரன் ஒன்றும் தந்து அனுப்பினார். போகிற இடத்தின் பெயரையாவது சரியாகச் சொல்ல வேண்டாமா என்று ரயிலில் முழுக்க அந்தச் சொல்லைப் பாடமாக்கிக்கொண்டு வந்தேன்.

ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. மேற்பார்வையாளர் மதாம் ஒடெத். முதல் நாள் எல்லோர் முன்னாலும், தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொற்களோடு, வெல்ஷ்லான்டுக்கு வந்ததில் எனக்கு மகிழ்ச்சி என்றேன். துணி மடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மதாம் ஒடெத்தின் முகம் சிவந்துபோனது. "இது ரொமாந்தி. அந்தச் சொல்லை இங்கே கொண்டுவராதே" என்றார்.

நான் என்ன குற்றம் செய்தேன் என்று விளக்கியவள் எங்களோடு துணி மடிக்கும் லூயிஸ். ஜேர்மன் பக்கத்தில் பிறந்து இங்கே கலியாணம் கட்டி வந்தவள். வெல்ஷ் என்றால் முற்காலத்தில் ஜேர்மன்காரருக்கு அந்நியன், தங்கள் பாஷை பேசாதவன் என்றுதான் அர்த்தமாம். பிரிட்டனில் வேல்ஸ் என்ற பெயரும், பெல்ஜியத்தில் வலோனியா என்ற பெயரும் அதே வேரில் முளைத்தவை. தன் மண்ணிலேயே இருந்தவனைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரன் அந்நியன் என்று பெயர் வைத்திருக்கிறான். ஒன்றும் விளங்காத பேச்சுக்கு ஜேர்மனில் கௌடர்வெல்ஷ் என்று ஒரு சொல்லும் உண்டு. ரொமாந்தி அப்படியல்ல, ரோமரின் லத்தீன் வழி வந்த பேச்சுக்காரர்கள் தாங்களே தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். மதாம் ஒடெத் இளவயதில் சூரிச்சில் வேலை செய்தபோது, அவர் வாய் திறந்தாலே "கௌடர்வெல்ஷ்" என்று சொல்லிச் சிரிப்பார்களாம்.

எனக்கு அது உடனே விளங்கியது. யாழ்ப்பாணத்தை வெள்ளைக்காரன் ஜப்னா ஆக்கினான், சிங்களத்தில் அது யாபனய. யாராரோ தங்கள் வாய்க்கு வந்தபடி அழைத்த ஊரில் பிறந்தவள் நான். அடுத்த நாளே மதாம் ஒடெத்திடம் போய் மன்னிப்புக் கேட்டேன். மனதாரத்தான் கேட்டேன்.

சில மாதங்களில் புவனம் வேலைக்கு வந்தாள். வல்வெட்டித்துறைப் பக்கம். புருஷனை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது, அதன்பிறகு சேதி இல்லை. அவளுக்குத் தமிழைத் தவிர வேறொன்றும் தெரியாது. வேலை நேரம் முழுக்க அவரைப் பற்றியே கதைப்பாள். கதைத்தால்தான் அவளுக்கு மூச்சு வரும். ஒரு நாள் மதாம் ஒடெத் மேசையில் தட்டி, "இந்த ஷராபியா இங்கே வேண்டாம். தொடர்ந்தால் இரண்டு பேரையும் வேறு வேறு நேரத்துக்குப் போடுவேன்" என்றார். ஷராபியா என்றால் பிரெஞ்சில் விளங்காத உளறல்.

"அக்கா, வாயை மூடிக்கொண்டு இருப்பம். இந்த வேலையும் போனால் என்ன செய்யிறது?" என்றாள் புவனம்.

"நீ கதை. நான் பாக்கிறன்" என்றேன்.

கொழும்பில் இருந்த கடைசி நாட்களில் நான் பஸ்ஸில் வாயே திறந்ததில்லை. காசைக் கொடுத்து, விரலால் இடத்தைக் காட்டி இறங்குவேன். ஒரு தமிழ்ச் சொல் வாயில் வந்தால் போதும், வீடு போய்ச் சேர மாட்டோம் என்ற பயம். உயிருக்காக ஒருமுறை தமிழை விழுங்கினேன், அதில் எனக்கு வெட்கமில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்காக இன்னொருமுறை விழுங்க நான் ஆயத்தமில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரம், எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்றேன். சொல்ல வேண்டியதை லூயிஸிடம் முன்பே கேட்டுத் திருத்தி வைத்திருந்தேன். "மதாம், உங்கள் பேச்சுக்கு மற்றவர்கள் வைத்த பெயரை நான் தெரியாமல் சொன்னேன். உங்களுக்கு நொந்தது. நான் திருப்பி எடுத்துக்கொண்டேன். எங்கள் பேச்சுக்கு நீங்கள் வைத்த பெயரை நீங்களும் திருப்பி எடுங்கள். அதற்குத் தமிழ் என்று பெயர் இருக்கிறது."

அவர் திருப்பி எடுக்கவில்லை. கோப்பியைக் குடித்து முடித்து எழுந்து போனார். பின்னேரம் முழுக்க வேலை போய்விட்டதென்றே நினைத்துக்கொண்டு துணி மடித்தோம். புவனம் அழுதாள், எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

அடுத்த நாள் எங்கள் இருவரையும் சேர்த்தே கடைசி மூலைக்கு மாற்றினார், விரிப்புகளை அழுத்தும் பெரிய ஆவி உருளைக்கு. அதற்கு இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கொரு மூலையைப் பிடித்து ஒரே நேரத்தில் உள்ளே விட வேண்டும். மிஷின் இரைச்சலில் எங்கள் பேச்சு யாருக்கும் கேட்காது என்று எண்ணினாரோ, எங்களைப் பிரிக்க மனம் வரவில்லையோ, இன்றுவரை தெரியாது. ஆனால் அந்த இரைச்சலில் கத்தினால்தான் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கும். ஆகவே கத்தினோம். புவனம் தன் புருஷனின் பெயரைக் கத்திச் சொன்னாள், அவர் நடக்கிற விதத்தைச் சொன்னாள், கூடம் முழுக்கத் தமிழ் கேட்டது. ஒருவரும் வந்து நிறுத்தவில்லை.

மதாம் ஒடெத் அந்தப் பக்கத்திலிருந்து விரிப்புக் கேட்டுக் குரல் கொடுப்பார். "ஓம், வாறம்" என்று முதலில் தமிழில் கத்துவேன். அதன்பிறகுதான் பிரெஞ்சு.