பேரம் பேசி ஏற்றிய கோல்கள்

நிகழ்ச்சி நடத்திக் கொடுக்கும் தொழில் கழிவறைக் குழாய் மாதிரி. ஒழுங்காக ஓடினால் ஒருவருக்கும் ஞாபகம் வராது, அடைத்துக்கொண்டால் ஊரே மூக்கைப் பிடிக்கும்.

கூடாரம், நாற்காலி, பஸ், சாப்பாடு என்று இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நான் மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், சாஆ என்ற ஊர்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பு நின்றது. கல்யாண வீடுகளில் நாற்காலி அடுக்கி, அடுக்கி, இன்றைக்குப் பெர்மாஸ் ஜெயாவில் சொந்த நிறுவனம். எனக்குத் தெரிந்தது இரண்டே வித்தை. எவன் என்ன விலை சொன்னாலும் பாதியில் ஆரம்பிப்பேன். ஒத்துவராதவனிடம் சத்தம் போடுவேன். இந்த இரண்டை வைத்துக்கொண்டுதான் ஜோகூர் பாருவில் நடந்த ஓர் அனைத்துலக உள்ளரங்கத் திடல்தடப் போட்டிக்குப் பொருள் வாங்கும் வேலையையும் போக்குவரத்தையும் எடுத்தேன். பல நாட்டு வீரர்கள், கூரைக்குள்ளே ஓட்டம், தாண்டல், குண்டு எறிதல், எல்லாம்.

இந்தக் கதைகளை நண்பர்களிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு பெண்ணைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன். இங்கே அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

சுவரில் மெத்தை

போட்டியின் தொழில்நுட்பப் பொறுப்பாளர் என்சிக் ரசிஃப், அதாவது திரு. ரசிஃப். குரலை உயர்த்தவே தெரியாத மலாய்க்காரர். அவர் கொடுத்த பட்டியலில் அறுபது மீட்டர் ஓட்டத்துக்கு, கோடு முடிந்து சற்றுத் தள்ளி இருக்கும் சுவர் முழுக்கத் தடித்த மெத்தை என்று இருந்தது. “ஓடுறவனுக்கு நிக்கத் தெரியாதா? சுவருக்கு எதுக்கு மெத்தை? பாதி தடிமன் போதும்” என்று நான் கத்தினேன். மெத்தைக்காரனிடம் ஏற்கெனவே பாதித் தடிமனுக்கு விலை பேசி முடித்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

ரசிஃப் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தார். என்னை ஓடிக் காட்டச் சொன்னார். ஐம்பத்திரண்டு வயது, எண்பது கிலோ, காலில் கான்வாஸ் சப்பாத்து. வேலைக்காரர்கள் எல்லாரும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க, கோபத்திலேயே ஓடினேன். கோட்டைத் தாண்டினேன். நிற்க நினைத்தேன். கால் நிற்கவில்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போய்ச் சுவரில் அப்பிக்கொண்டேன். ரசிஃப் தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்து, மலாயில் அக்கா என்று கூப்பிட்டுச் சொன்னார்:

“காக், அவங்க உங்களைவிடக் கொஞ்சம் வேகமாத்தான் ஓடுவாங்க.”

ஏழு மின்னஞ்சல்

கோலூன்றித் தாண்டும் பெண் ஒருத்தி, பெயர் லெய்லா. மத்திய ஆசியாவில் ஒரு சின்ன நாடு. அவளுடைய சங்கத்திடம் ஒரே ஒரு டிக்கெட்டுக்குத்தான் வசதி, அதனால் பயிற்றுநர் இல்லாமல் தனியாக வருகிறாள். போக்குவரத்துக்கு என் முகவரியைத்தான் கொடுத்திருந்தார்கள். ஏழு மின்னஞ்சல் அனுப்பினாள். எல்லாமே அவளுடைய மூன்று கோல்களைப் பற்றி. கோல்கள் இருக்கும் பாதுகாப்புக் குழாயிலிருந்து வெளியே எடுக்காதீர்கள், மேலே கனம் வைக்காதீர்கள், வார் போட்டு இறுக்காதீர்கள். படம் வேறு வரைந்து அனுப்பினாள்.

ஏழாவதில்தான் விஷயத்தைச் சொன்னாள். இந்தப் போட்டியில் மூன்று மீட்டர் தொண்ணூறு தாண்டினால் நாட்டின் பயிற்சி முகாமில் இடம். தாண்டாவிட்டால் பழையபடி மருந்துக்கடை வேலை. சொந்தக் கோலில் இரண்டு தடவை அந்த உயரத்தைத் தாண்டியிருக்கிறாளாம். நான் அதை பஸ்காரனோடு சண்டை போட்டுக்கொண்டே படித்தேன். பதிலுக்கு ‘ஓகே’ என்று இரண்டெழுத்து அனுப்பிவிட்டு, பக்கத்திலிருந்த கணக்குப்பிள்ளைப் பெண்ணிடம், “ஒரு மூங்கில் கழிக்கு இவ்வளவு பாசமா?” என்றேன். அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

“அக்கா, அவங்களுக்கு இருக்கிறதே அது மட்டும்தான் போல.”

பதினான்கு அடி லாரி

அவ்வளவு நீளக் கோல்களைச் சின்ன விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அதனால் எல்லா நாட்டுக் கோல்களும் சிங்கப்பூரில் இறங்கி, எல்லைப் பாலத்தைக் கடந்து லாரியில் வர வேண்டும். இருபதடி லாரி வேண்டும் என்று ரசிஃப் எழுதியிருந்தார். நான் பேசிப் பேசி, லாரி முதலாளி தௌக்கேயின் காது வலிக்கும்வரை பேசி, பதினான்கடி லாரியைக் குறைந்த விலைக்கு முடித்தேன். அன்றைக்கு எனக்கு அது பெரிய வெற்றி. கொப்பிக்கடையில் எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்.

ஓட்டியது என்னிடம் பதினாறு வருஷமாக இருக்கும் சவரிமுத்து அண்ணன். மதியம் சிங்கப்பூரிலிருந்து போன் அடித்தார். குழாய்கள் தடிமனாக இருக்கின்றன, மூலைக்கு மூலை சாய்த்து வைத்தாலும் பாதிதான் ஏறுகிறது, இரண்டு நடை அடிக்கலாமா என்று கேட்டார். இரண்டாம் நடைக்கு இன்னொரு வாடகை. போதாததற்குப் பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. “குழாயை அங்கேயே போட்டுட்டு, கோலை மட்டும் கட்டுக் கட்டா எடுத்து வாங்க” என்றேன். “அந்தப் பொண்ணு குழாய் மேலேயே எழுதியிருக்கும்மா, எடுக்காதீங்கன்னு” என்றார். நான் போனில் கத்திய கத்தலில் என் அலுவலக ஏர்கோன் சத்தமே கேட்கவில்லை என்றார்கள். சவரி அண்ணன் பக்கம் லாரிக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் சொன்னார்:

“சரிம்மா, நீங்க சொன்னீங்கன்னு நான் செய்றேன். நான் செஞ்சேன்னு நீங்க சொல்லிடாதீங்க.”

நகம்

மண்டபத்தின் பின்வாசலில் கோல்களை இறக்கினோம். ஒவ்வொரு நாட்டுக்காரரும் வந்து தங்கள் கோலை எடுத்துக்கொண்டார்கள். சிலர் குழாய் எங்கே என்று கேட்டுவிட்டு, கோலைத் தடவிப் பார்த்து, திருப்தியாகிப் போனார்கள். லெய்லா கடைசியாக வந்தாள். முதுகில் ஒரு பை, ஒட்ட வெட்டிய முடி. தரையில் குந்தி, கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரல் நகத்தைக் கோலின் மேலே மெதுவாக ஓட்டிக்கொண்டே போனாள். நடுவில் ஓரிடத்தில் நகம் நின்றது. வாரின் இரும்புக் கொக்கி குத்திய வடு, ஓர் அரிசி அளவுகூட இருக்காது. இரண்டாவது கோலிலும் அப்படியே ஒன்று. மூன்றாவதில் இல்லை. ஆனால் அது மிருதுவான கோல், குறைந்த உயரத்துக்குத்தான் ஆகும்.

“கீறல்தானே, டேப் ஒட்டிக்கலாம்” என்றேன் ஆங்கிலத்தில். அவள் நிமிர்ந்து பார்த்தாள். “இது வளையும்போது அந்த இடத்தில்தான் உடையும். அப்போது நான் மேலே இருப்பேன்.” என்னைச் சுற்றி முப்பது பேர். அத்தனை நாட்டுச் சட்டைகள். என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிட்டது. பதினாறு வருஷமாக அண்ணன் என்று கூப்பிட்ட மனுஷனைப் பார்த்து, “யோவ் சவரி, உனக்கு அறிவிருக்கா? யாருய்யா உன்னைக் குழாயிலேர்ந்து எடுக்கச் சொன்னது?” என்றேன். அதோடு விடவில்லை. அவளிடம் திரும்பி, “டிரைவர் மிஸ்டேக்” என்றும் சொன்னேன். சவரி அண்ணன் வாரைச் சுருட்டிக்கொண்டே நின்றார்.  லெய்லா அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“நான் அவருக்கு எழுதவில்லை. உங்களுக்குத்தான் எழுதினேன்.”

வாடகை

அடுத்த நாள் மதியம் போட்டி. அவளுடைய எடைக்கும் உயரத்துக்கும் பொருந்துகிற கோல் வேண்டும். எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். வசதியான ஒரு நாட்டின் பயிற்றுநர், மொட்டைத்தலை மனிதர், பத்துக் கோல் வைத்திருந்தார். அவரிடம் போய், ஒரு நாளைக்கு என்ன வாடகை என்று கேட்டேன். அவர் புரியாமல் பார்த்தார். நான் அதைப் பேரத்தின் ஆரம்பம் என்று எடுத்துக்கொண்டு ஒரு தொகையைச் சொன்னேன். பேசாமல் இருந்தார். ஏற்றிச் சொன்னேன்.

அவர் எழுந்து, லெய்லாவின் எடையை மட்டும் கேட்டுக்கொண்டு, தன் பெண்களின் கோல்களில் ஆகக் கிட்டத்தில் இருந்த ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். அவளோடு போட்டி போடப் போகிற பெண்ணின் கோல் அது. கொஞ்சம் விறைப்பு அதிகம், கவனமாக இருக்கச் சொல்லுங்கள் என்றார். பணத்தை எடுக்கப் பைக்குள் விட்ட என் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“கோலுக்கு வாடகை வாங்கும் பழக்கம் எங்களிடம் இல்லை, மேடம். உங்கள் ஊரில் இருக்கிறதா?”

மூன்று தொண்ணூறு

மூன்று அறுபதையும் மூன்று எழுபத்தைந்தையும் தன்னுடைய மிருதுவான கோலிலேயே தாண்டிவிட்டாள். குறுக்குக் கம்பி மூன்று தொண்ணூறுக்கு ஏறியது. ஓர் உயரத்துக்கு மூன்று வாய்ப்புத்தான். இரவல் கோலை எடுத்தாள். முதல் தடவை கோல் சரியாக வளையவே இல்லை, அவளை மெத்தையின் முன்விளிம்பிலேயே திருப்பிப் போட்டது. இரண்டாவது தடவை ஓடிவந்து ஊன்றாமல் அப்படியே ஓடிக் கடந்தாள். மூன்றாவது தடவை பிடியைக் கீழே இறக்கினாள். கம்பிக்கு மேலே கால் போனது, இடுப்பு போனது. கடைசியில் நெஞ்சு தட்டியது.

கம்பி விழுந்த பிறகும் மெத்தையில் மல்லாந்து கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். எழுந்து வந்து, இரவல் கோலைத் துண்டால் துடைத்து, அந்தப் பயிற்றுநரிடம் இரண்டு கையாலும் கொடுத்தாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “அடுத்த முறை கண்டிப்பா தாண்டுவே” என்றேன்.

“அடுத்த முறைக்கு யார் டிக்கெட் எடுப்பார்கள்?”

கையெழுத்து

ரசிஃப் ஒரு வழி சொன்னார். கோல்கள் நம்முடைய பொறுப்பில் இருக்கும்போது எப்படிச் சேதமாயின என்று எழுதிக் கொடுத்தால், அவளுடைய சங்கம் இன்னொரு தேர்வு வைக்கலாம். ஒரு வாக்கியம் போதும் என்றார். நான் ‘எதிர்பாராத சேதம்’ என்று எழுதினேன். யாரால் என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார். என் அடுத்த ஒப்பந்தம் கண்ணுக்குள் நின்றது. ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்று எழுதினேன். அப்படியென்றால் ஓட்டுநரின் கையெழுத்தும் வேண்டும் என்றார்.

தாளை எடுத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்குப் போனேன். சவரி அண்ணன் லாரிப் படியில் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “அண்ணே, நேத்து ஏதோ கோவத்துல பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. இது சும்மா பேருக்குத்தான், உங்க சம்பளத்துல கை வைக்க மாட்டேன்” என்றேன். இலையை மடித்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, தாளை இரண்டு தடவை படித்தார்.

“போடச் சொன்னா போடறேன்மா. ஆனா ஏசினது முப்பது பேரு முன்னால, மன்னிப்பு மட்டும் ஏன் கார் பார்க்குல?”

தலைவர்கள் கூட்டம்

மறுநாள் காலை எல்லா நாட்டு அணித் தலைவர்களும் கூடும் கூட்டம். சொல்வது குறிப்பேட்டில் ஏறும். சவரி அண்ணனையும் வரச் சொல்லி, ரசிஃபிடம் இரண்டு நிமிஷம் கேட்டு எழுந்து நின்றேன். தௌக்கேமாரிடம் மேசையைத் தட்டிப் பேசிய நான் அன்றைக்கு மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். என் மூன்றாம் படிவ ஆங்கிலத்தில் சொன்னேன்: “சின்ன லாரியை எடுத்தது நான். குழாயை விட்டுவரச் சொன்னது நான். என் டிரைவர் வேண்டாம் என்று சொன்னார், நான் கேட்கவில்லை. அவர்மேல் பழி போட்டது பொய்.” ஓர் அணித் தலைவர், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். விலை குறைவு என்றேன். யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன்.

அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பின்வரிசையில் இருந்த லெய்லா தாளின் நகலை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். வெளியே சவரி அண்ணன் லாரிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றார். “இப்பச் சரியாண்ணே?” என்றேன்.

“சரிதான்மா. ஆனா ‘என் டிரைவர், என் டிரைவர்’னே சொன்னீங்க. எனக்குப் பேரு இருக்கு.”

ஆறு வாரம் கழித்து

அவளுடைய இரண்டு கோல்களுக்கும் பதில் புதுசு வாங்கி, குழாயில் போட்டு, இருபதடி லாரியில் ஏற்றிச் சிங்கப்பூர் விமான நிலையம் வழியாக அனுப்பியிருந்தேன். எங்கே கையெழுத்து, எங்கே முத்திரை என்று சவரிமுத்து அண்ணன் கூடவே நின்று பார்த்துக்கொண்டார். அந்தச் சங்கத்திலிருந்து எனக்குத் தகவல் ஒன்றும் வரவில்லை. தினமும் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பேன். ஆறு வாரம் கழித்து அவளிடமிருந்தே வந்தது, எட்டாவது மின்னஞ்சல்:

“மறுபடியும் தேர்வு வைத்தார்கள். மூன்று தொண்ணூறு தாண்டவில்லை. இந்த முறை கோலில் கீறல் இல்லை, தவறு என்னுடையதுதான். நன்றி.”

இத்தனை வருஷத் தொழிலில் பேரம் பேசாமல் நான் வாங்கி, திருப்பிக் கொடுக்கவும் வழியில்லாமல் வைத்திருக்கிற ஒரே சரக்கு அந்த நன்றிதான்.