கயிற்றைக் கடித்த நாய்

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து தோட்டத்து லய வீட்டுக்குக் கூட்டி வந்தபோது, தினமும் நடக்க வேண்டும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். ரப்பர் மலையில் பால் வெட்டியே காலத்தைக் கழித்த மனிதர். இப்போது வலது கால் இழுத்தது, நாக்கு குழறியது. நான் கையைப் பிடித்து நடத்தினால் அவருக்கு வெட்கம். நாயோடு என்றால் போகிறேன் என்றார்.

எங்கள் நாய் அதுவரை கயிறே அறியாதது. ஆனால் தோட்டப் பாதையில் லொறியும் திரீவீலும் ஓடுகின்றன. ருவான்வெல்லைக் கடையில் ஒரு நைலான் கயிறும் கழுத்துப்பட்டியும் வாங்கி வந்தேன்.

முதல் நாளே, பால் நிறுக்கும் கொட்டகைக்கு முன்னால், நாய் துள்ளிக் கயிற்றைக் கவ்விக்கொண்டு உதறியது. அவர் இடது கையால் இழுத்தார். அது இன்னும் பலமாக இழுத்தது. தண்ணீர் ஓடும் கானோரம் சேற்றில் விழுந்துவிட்டார். கொட்டகையில் நின்றவர்கள் ஓடி வந்து தூக்கினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் அவரை நொறுக்கியது.

அன்று பின்னேரம் என் கொழுந்தனார் வந்தார். “அண்ணி, இத எங்கயாச்சும் கொண்டுபோய் விட்டுட்டு வந்துருவோம்.”

“வேணாம்” என்றார் கணவர். அந்த ஒரு சொல் மட்டும் குழறாமல் வந்தது.

ஆகவே நாயைப் பழக்குவது என் வேலையானது. கயிற்றில் வேப்பெண்ணெய் தடவினேன்; நக்கிவிட்டுக் கடித்தது. கொச்சிக்காய்த் தூள் தடவியதில் அது தும்மித் தும்மி அழ, இவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. ஒரு நாள் ஆத்திரத்தில் அடித்தும் பார்த்தேன். அதற்குப் பிறகு கயிற்றைக் கண்டாலே கடித்தது.

ரோட்டோரக் கடைக்காரி, மூன்று நாய் வளர்ப்பவள், பார்த்துக்கொண்டே இருந்து ஒரு நாள் சிங்களத்தில், தங்கச்சியிடம் சொல்வதுபோலச் சொன்னாள்: “நங்கி, நீ இழுக்கிறதால விளையாட்டுன்னு நினைக்குது. கடிச்சா கயிற்றைத் தளர விட்டு அப்படியே நில்லு. பேசாதே. விட்டதும் நட. வாயில பிடிக்க வேற எதையாவது குடு.”

ஒரு தேங்காய் மட்டைத் துண்டைக் கொடுத்தேன். பால் வெட்டி முடித்து வந்த கையோடு நாயைக் கூட்டிக்கொண்டு போய், அது கயிற்றைக் கவ்வும்போதெல்லாம் நடுப்பாதையில் கட்டை மாதிரி நின்றேன். மழை, அட்டை, போகிற வருகிறவர்களின் பார்வை. சும்மா நிற்கும்போது மனசு சும்மா இருக்காது. இன்னொரு தடவை வந்தால் தாங்கமாட்டார் என்று டொக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னதை, அவருக்குத் தெரியாமல் அந்தப் பாதையில்தான் நினைத்து அழுதேன்.

மெல்ல மெல்லக் கடிப்பது குறைந்தது. ஒரு பின்னேரம் கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் போனேன். வளைவில் நாய் மட்டையைப் போட்டுவிட்டுக் கயிற்றைக் கவ்வியது. அவர் நின்றார். இழுக்கவில்லை, திட்டவில்லை. வெகுநேரம் நின்றார். நாய் வாயை விட்டது. திரும்பி என்னைப் பார்த்தார்.

“பாத்தியா புள்ள?”

பெருமழை தொடங்கும் வரை இருவரும் அப்படி நடந்தார்கள். நாலு எட்டு வைப்பார், மூச்சு வாங்க நிற்பார்; நாயும் நிற்கும். பிறகு ஒரு காலையில், சட்டைக்குக் கை நுழைக்கும்போதே அவர் சரிந்தார். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகவும் நேரம் தரவில்லை.

காரியம் முடிந்து உறவுகள் போன பிறகு, நாயை நான் நடத்தத் தொடங்கினேன். அது கயிற்றைத் தொடுவதே இல்லை. நாலு எட்டு வைக்கிறது, நின்று திரும்பிப் பார்க்கிறது, பிறகு நடக்கிறது. நான் வேகமாக நடந்தாலும் அது வேகம் கூட்டுவதில்லை.

கொழுந்தனார் ஒரு நாள் கவனித்துவிட்டுக் கேட்டார். “நாய்க்குக் கால்ல ஏதோ சொகமில்ல போல, அண்ணி. காட்டுங்களேன்.”

“காட்டுறேன்” என்றேன்.

காட்டவில்லை. அது நிற்கும் இடத்தில் நானும் நிற்கிறேன்.